விரைவுக் கருவிகள் நமக்காக எடுத்துவிடும் முடிவுகள்

ரூபி ஆன் ரெயில்ஸ், ஜாங்கோ போன்ற கருவிகளைக் கொண்டு வலைச் செயலி கட்டலாமா என்ற பேச்சு வந்தால், எத்தனை நாளில் முடியும் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. நமக்காக அந்தக் கருவி எதையெல்லாம் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் குறை எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

பேஸ்கேம்ப் என்ற செயலியை எழுதியபோது உருவான பொதுப் பகுதிகளைப் பிரித்தெடுத்து, டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004-இல் ரெயில்ஸை வெளியிட்டார். வேலையிலிருந்தே பிறந்த கருவி என்பதால் அதன் மீது எனக்கு மதிப்பு உண்டு. பயனர் நிரப்பும் படிவத்தில் வரும் புலங்கள் (பெயர், மின்னஞ்சல் போன்றவை) அனைத்தையும் ஒரே வரியில் தரவுத்தளப் பதிவில் ஏற்றும் வசதி அதில் இருந்தது. பத்து வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரு வரி போதும் என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் நாம் படிவத்தில் வைக்காத ஒரு புலத்தை வெளியாள் ஒருவர் சேர்த்து அனுப்பினாலும், உதாரணமாகத் தன்னை நிர்வாகியாக்கும் புலத்தை அனுப்பினாலும், வெளிப்படையாகத் தடுக்காதவரை அந்த ஒரு வரி அதையும் ஏற்றிவிடும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான, ரெயில்ஸில் எழுதப்பட்ட கிட்ஹப்பிலேயே இது நடந்தது. இந்த ஆபத்தை ரெயில்ஸ் குழுவிடம் முன்பே சுட்டிக்காட்டியிருந்த ஈகோர் ஹோமகோவ் என்ற நிரலாளர், 2012 மார்ச்சில் இதே வழியில் தன் பொதுத் திறவியை (கணக்கில் நுழைய அனுமதி தரும் அடையாளக் குறியீட்டை) ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கில் இணைத்து, அதன் மூலநிரலிலேயே ஒரு மாற்றத்தைப் பதிந்து காட்டினார். தடுக்கும் வழி அதற்கு முன்பும் ரெயில்ஸில் இருந்தது. அதை இயக்கும் பொறுப்பு மட்டும் நிரலாளரிடம் விடப்பட்டிருந்தது. 2013-இல் வந்த நான்காம் பதிப்பு, எந்தெந்தப் புலங்களை ஏற்கலாம் என்று நாமே பெயர் சொல்லி அனுமதிக்கும் முறையை இயல்பாக்கியது.

வேகம் குறைவது வேறு வகையான விலை. ஐம்பது பதிவுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் அருகிலும் எழுதியவர் பெயரைக் காட்டினால், கவனிக்காமல் விட்ட நிரல், பட்டியலுக்கு ஒரு முறை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை எனத் தரவுத்தளத்தை ஐம்பத்தொரு முறை கேட்கும். இதைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் எளிது.

தரவைப் பார்க்கவும் திருத்தவும் ஜாங்கோ தானாகவே உருவாக்கித் தரும் நிர்வாகப் பக்கத்தில்தான் நான் அதிக நாட்களை இழந்தேன். எங்கள் பணிக்குள் தரவைத் திருத்த அதைவிட நல்ல வசதியை நான் கண்டதில்லை. அதையே வாடிக்கையாளரின் ஊழியர்களுக்கும் கொடுத்தோம். மூன்று கட்ட ஒப்புதல் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது அந்தப் பக்கத்தை வளைக்க ஆறு வாரம் ஆனது. தனித் திரைகளாக எழுதியிருந்தால் மூன்று வாரத்தில் முடித்திருப்போம்.

இன்றும் இருவர் மூவர் கொண்ட குழுவுக்கு இந்தக் கருவிகளைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் புதிதாகச் சேர்பவரிடம், கருவி உருவாக்கித் தந்த கோப்புகளை முதல் வாரத்தில் வரிவரியாகப் படித்து எனக்கு விளக்கச் சொல்கிறேன். புதிய திரை எழுதும் வேலையை அதன் பிறகே கொடுக்கிறேன்.