பையைப் பிடித்துக்கொண்டு போட்டோ வேண்டாம்

கிறிஸ்துமஸ் வந்தால் கோயில் வாசலில் பிளக்ஸ். ஏழைகளை வரிசையில் நிறுத்தி ஐந்து கிலோ அரிசி. வாங்குகிறவர் கேமராவை நிமிர்ந்து பார்க்கும்வரை கொடுக்கிறவர் பையை விடமாட்டார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று அதே கோயிலில்தான் வாசிக்கிறோம்!

ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கும் தமிழ்நாட்டில், அந்த வீட்டில் தட்டுப்பாடு பெரும்பாலும் அரிசிக்கு இல்லை. பருப்பு, எண்ணெய், பிரஷர் மாத்திரை, தீர்ந்துபோன சிலிண்டர். இது வீட்டுக்குள் போனால்தான் தெரியும்.

ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிசில் தொடங்கியபோது ஓசானாமுக்கு வயது 20. அவரையும் நண்பர்களையும் ஏழைகளின் வீடுகளுக்கே அனுப்பிப் பழக்கியவர் ரோசலி ரென்டு என்ற கன்னியாஸ்திரி. இன்றும் சபையின் உயிர் வீடு சந்திப்புதான். இரண்டு பேராகப் போவது வழக்கம். ஒருவரே போனால் அவர் விருப்புவெறுப்பே தீர்ப்பாகிவிடும். பெண் தனியாக இருக்கும் வீடென்றால் தெருவே பேசும். போனதும் உட்காருங்கள். நோட்டை எடுக்காதீர்கள், எழுதுவதை வெளியே வந்து எழுதலாம்.

சபைக் கூட்டத்தில் காணிக்கைக்காகச் சுற்றிவரும் இரகசியப் பை எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு. எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்கிறார்கள். அன்று காசில்லாதவரும் அப்படியே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

காசாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பது பாதி சாக்கு. உண்மையான ஆபத்து, அன்று மாலையே வட்டிக்காரர் வந்து நிற்பது. அதனால் வாடகையை வீட்டுக்காரரிடமும் மாத்திரைக் காசை மெடிக்கலிலும் நேராகக் கட்டிவிடுங்கள். விதவை ஓய்வூதியம் வராத வீடாக இருந்தால், கணவரின் இறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக்கோடு இ-சேவை மையத்துக்குக் கூடவே போங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே மனு திரும்பக்கூடும், முதலில் அதைப் பாருங்கள். இந்த அலைச்சலுக்கு முன் பத்து மூட்டை அரிசி ஒன்றுமில்லை.

பெரிய கோளாறு உதவி பெறுவோர் பட்டியலில். பத்து வருடமாக அதே பெயர்கள். போன மாதம் வாடகைக்கு வந்தவர் எந்த அன்பியத்திலும் (கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) இல்லை, அதனால் கண்ணிலும் இல்லை. எருசலேமில் இருந்த முதல் கிறிஸ்தவர்களிடமும் இதே கதைதான்: கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். முணுமுணுப்பு எழுந்ததும் திருத்தூதர்கள் பொறுமையைப் போதிக்கவில்லை, ஏழு பேரை அந்த வேலைக்கு நியமித்தார்கள். நம் கோயில் பங்கில் யார் விடுபட்டார்கள் என்று பார்க்க இரண்டு பேராவது இருக்கிறார்களா?