அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

மூன்று நாட்களாக அந்தக் காணொளி என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அதை மறுபடியும் இங்கே பகிரப் போவதில்லை, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஸ்காட்லாந்தில், பியலாக் நா பா என்ற மலைப்பாதையின் நடுவே ஒரு கேம்பர் வேன், அதாவது உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய வேன், நிற்கிறது. அடியிலிருந்து புகை வருகிறது. ஒரு பெண், தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருக்கிறார். எடுத்தவர் சிரித்துக்கொண்டே எடுத்திருக்கிறார். அவர் யாரோ, போகட்டும். அதன் கீழே நம்மவர்கள் தமிழில் எழுதியிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கடன் வாங்கித் தகர டப்பா வாங்கினால் இப்படித்தான்" என்கிறார் ஒருவர். "யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை" என்கிறார் இன்னொருவர். இந்த இரண்டாமவர் என் வேனில் இரண்டு இரவு தூங்கியவர். என் மனைவி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தவர்.

நான் 2018 மார்ச் மாதத்திலிருந்து இங்கே பிரிட்டனில் கேம்பர் வேன் வைத்திருக்கிறேன். அது என்னை நடுவழியில் நிறுத்தியிருக்கிறது. பணத்தைத் தின்றிருக்கிறது. எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்த ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். அதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. சொல்லாததால் வருகிற கேட்டுக்கு வாங்கியவனை முட்டாள் என்கிறோம்.

உங்கள் வாசலில் பார்சல் போட்டுவிட்டுப் போகிற வெள்ளை வேனைப் பாருங்கள். இத்தாலியில் அட்டெஸ்ஸா என்ற ஊரில் 1981 முதல் தயாராகிற ஃபியட் டுகாட்டோவாக அது இருக்கலாம். அதே வண்டி பெஜோ பாக்ஸர் என்றும் சிட்ரோன் என்றும் வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. ஐரோப்பாவில் ஓடுகிற கேம்பர் வேன்களில் பெரும் பகுதி அந்த அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவைதான். அதே எஞ்சின், அதே கியர்ப்பெட்டி. பார்சல் வேன் வாரத்தில் ஆறு நாள் மழையிலும் குளிரிலும் ஓடுகிறது. அதைப் பார்த்து யாரும் தகர டப்பா என்பதில்லை. கேம்பர் வேன் வருடத்தில் நாற்பது நாள் ஓடினாலே அதிகம். மீதி நாளெல்லாம் வீட்டு முற்றத்தில், ஈரத்தில், கைபிரேக் போட்டபடி நிற்கிறது. பிரேக் தட்டில் துரு ஏறுகிறது. பாட்டரி யாரும் தொடாமலே வடிகிறது. ஈய அமில பாட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வடியவிட்டால் அதன் ஆயுள் அவ்வளவுதான். எஞ்சினுக்குள் ஓடுகிற ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டுக்கு மைல் கணக்கு மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும் என்று நினைப்போம். ரப்பர் அப்படி நினைப்பதில்லை.

நான் வாங்கியது 2010ஆம் ஆண்டு வண்டி. ஓடியிருந்தது 31,000 மைல். "குறைந்த ஓட்டம், மிகக் குறைந்த ஓட்டம்" என்று விற்றவர் என்னிடம் மூன்று முறை சொன்னார். அதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். எட்டு வருடத்தில் 31,000 மைல் என்றால் அது எவ்வளவு நாள் சும்மா நின்றிருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. ஜூலை மாதம், எம்6 நெடுஞ்சாலையில், பின்பக்க டயர் வெடித்தது. பட்டன் அப்படியே முழுதாக இருந்த டயர். சாலையோரத் தடுப்புக்கு வெளியே மனைவியையும் மகளையும் நிறுத்திவிட்டு, வந்த மெக்கானிக்கிடம் என்ன காரணம் என்று கேட்டேன். அவர் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 0910. 2010ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். வண்டி பிறந்தபோது போட்டதே இன்னும் இருக்கிறது. பக்கவாட்டு ரப்பர் முழுக்க முடியைப் போல வெடிப்புகள். எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வாகனச் சோதனையில் தேறிய வண்டிதான் அது. அந்தச் சோதனை பட்டனைப் பார்க்கும், இப்படிப்பட்ட வண்டியில் டயரின் வயதைப் பார்க்காது. அந்த நான்கு எண்களைப் படிக்க எனக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலையோரத்தில் என் மகள் அழுதுகொண்டு நின்றிருக்க மாட்டாள்.

எம்.ஓ.டி. பற்றி இன்னொன்று. வீட்டுப் பகுதியை அது தொடுவதே இல்லை. தண்ணீர்க் குழாய், சமையல் எரிவாயு, சுவரின் ஈரம் எதுவும் அதில் வராது. கேம்பர் வேன் வைத்திருப்பவனை உண்மையில் அழவைப்பது அந்தச் சுவருக்குள் இருக்கிற ஈரம்தான். மூன்றாம் வருடம் படுக்கைக்கு மேல் மூலையில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த வாசம் வந்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்றேன். மனைவி விடவில்லை. பட்டறையில் ஈரமானியை வைத்துப் பார்த்தார்கள்: 28 சதவீதம். 15க்குள் இருந்தால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும், 30ஐ நெருங்கினால் உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கலாம். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் பூசிய பசை காய்ந்து, நூல் அளவு இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியே வருடக்கணக்கில் மழை இறங்கியிருக்கிறது. சரிசெய்ய 1,900 பவுண்டு. விற்றவரிடம் போய்க் கேட்டேன், வாங்கும் முன் ஈரச் சோதனை செய்த தாள் இருக்கிறதா என்று. இல்லை என்றார். தேய்மானம் என்றார். இந்த நாட்டில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. வணிகரிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் நிரூபிக்கிற சுமை நம் தலையில். சுவருக்குள் ஒளிந்திருக்கிற ஈரம் ஆறு மாதத்தில் வெளியே வந்து முகத்தைக் காட்டுமா?

"பழைய வண்டி வாங்கினால் அப்படித்தான், புதிதாக வாங்கியிருக்க வேண்டும்" என்று எழுதப் போகிறீர்கள், தெரியும். என் நண்பர் புதிதாகத்தான் வாங்கினார். முன்கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. அடிவண்டிக்கு ஒரு நிறுவனத்தின் உத்தரவாதம், அதன் மேல் கட்டிய வீட்டுக்கு வேறொரு நிறுவனத்தின் உத்தரவாதம். இவரிடம் போனால் அவரைக் கேள் என்றார், அவரிடம் போனால் இவரைக் கேள் என்றார். நான்கு மாதம் இப்படி ஓடியது. ஆகவே புதிது, பழையது என்பதல்ல இங்கே பிரச்சினை.

"இந்தப் பணத்துக்கு ஹோட்டலில் தங்கலாமே" என்பவர்கள் தாராளமாகத் தங்கலாம். நான் தடுக்கவில்லை.

"பியலாக் நா பா அடிவாரத்தில் பலகையே வைத்திருக்கிறார்களே, பெரிய வண்டிகள் போக வேண்டாம் என்று?" ஆமாம், வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறுகிற ஒற்றைத்தடப் பாதை, கொண்டை ஊசி வளைவுகள். 2015இல் அந்தப் பாதையும் சேர்ந்த, வடக்கு ஸ்காட்லாந்தைச் சுற்றிவரும் சாலைகளுக்கு நார்த் கோஸ்ட் 500 என்று பெயர் வைத்து உலகத்தையே அழைத்த பிறகு, அங்கே இருக்கிற மக்கள் படும் பாட்டையும் நான் அறிவேன். அது நியாயமான கோபம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகை தடை அல்ல, அறிவுரை. அந்தக் காணொளியில் இருப்பது பெரிய வண்டியும் அல்ல; என் வேன் அளவுதான். நானும் 2021இல் அதே பாதையில் ஏறி இறங்கினேன். வித்தியாசம் ஒன்றுதான். ஏறும் முன் நான் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தேன். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. 1997 முதல் சாதாரணக் கார் உரிமம் எடுத்தவர்கள் இந்த வண்டிகளை 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம் என்பதால், வண்டி கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் அந்த எல்லைக்குள் அடக்கி விற்கிறார்கள். நான்கு பேர், தொட்டி நிறையத் தண்ணீர், சைக்கிள்கள், அரிசி மூட்டை என்று ஏற்றினால் எல்லையைத் தாண்டுவது மிகச் சுலபம். அந்த எடையோடு ஏற்றத்தில் எதிரே கார் வர, ஒதுங்கும் இடம் வரை பின்னால் எடுத்து, மறுபடி ஏறி, மறுபடி நிறுத்தி... கிளட்ச் புகையாமல் என்ன செய்யும்? அந்தக் குடும்பத்துக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? எனக்குச் சொல்லிக் கொடுத்தது கேம்பர் வேன்கள் தங்குகிற ஒரு முகாமில் சந்தித்த முன்பின் தெரியாத கிழவி.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்டில் அம்மா வந்திருந்தார். சங்கரன்கோவிலை விட்டு அவர் செய்த முதல் விமானப் பயணம். முழங்கால் வலி, சர்க்கரை, அரை மணிக்கு ஒரு தரம் கழிப்பறை தேடுகிற உடம்பு. அவரை எந்தக் காரில், எந்த ஹோட்டலை நம்பி ஸ்காட்லாந்து மலைப் பக்கம் அழைத்துப் போவது? வேனில் போனோம். கழிப்பறை நான்கு எட்டில் இருந்தது. அடுப்பு அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது. இரண்டாம் நாளே வத்தக்குழம்பு வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை, கிளென்கோவில், ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சியே இல்லை. மாவு பொங்கி வழிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் இன்சுலின் பேனாக்கள். அன்று அந்த வண்டியை நான் வெறுத்தேன். அப்படியே தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது. ஃபோர்ட் வில்லியம் வரை ஓட்டிப் போய், மருந்துக்கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். கடைக்காரப் பெண் பேனாக்களை வாங்கிப் பார்த்து, அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம், பயப்படாதீர்கள் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஃபிரிட்ஜ் கெட்டுப்போகவே இல்லை. முகாமுக்குத் திரும்பியதும் பக்கத்து வேன்காரக் கிழவி நாங்கள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சாய்வாக நின்றால் அது எப்படிக் குளிரும்?" என்று கேட்டார். இந்த வண்டிகளில் பலவற்றில் இருக்கிற ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரசர் கிடையாது. சூடுபட்டு அம்மோனியாக் கரைசல் குழாய்களுக்குள் ஏறி, தன் எடையால் இறங்கி வருவதால்தான் அது குளிர்கிறது. வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் நின்றுவிடும். கிழவி தன்னிடம் கூடுதலாக இருந்த இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்புகளைக் கொடுத்தார். முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்து வண்டியைச் சமமாக்கினோம். அடுத்த நாள் காலையில் ஃபிரிட்ஜ் 5 டிகிரி. மலை ஏறும் முன் தண்ணீரை இறக்கிவிடு, அக்டோபரில் வருவதானால் நீலச் சிலிண்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வா, அதில் இருக்கிற பியூட்டேன் பூஜ்யம் டிகிரியில் எரியாது, சிவப்பில் இருக்கிற புரொப்பேன்தான் எரியும் என்று இன்னும் எத்தனையோ சொன்னார். அம்மாவுக்கு அவர் பேசியதில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அவருக்கு ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பு கொடுத்தனுப்பினார்.

நம்பகமானதா என்று கேட்கிறீர்கள். அந்தப் பதினோரு நாளில் அம்மா ஒரு முறைகூடக் கழிப்பறைக்காகத் தவிக்கவில்லை. ஊரில் அண்ணன் வீட்டிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி போவதற்கே முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர் அவர். என் கணக்கில் நம்பகம் என்றால் இதுவும்தான்.

அண்ணன் அன்று போனில் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "வயதான காலத்தில் அம்மாவை ஒரு வண்டிக்குள் அடைத்துவைத்துச் சுற்றினாயே, உனக்கு வீடு இல்லையா?" என்று கேட்டார். அம்மா பக்கத்தில்தான் இருந்தார், அவர் காதிலும் விழுந்தது. நான் பதில் சொல்லவில்லை. 2022இல் அம்மா போய்விட்டார். அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படம், அந்தப் பயணத்தில் வேனின் படியில் உட்கார்ந்து அவர் சிரித்தபோது நான் எடுத்தது. அதைவிட நல்ல படம் கிடைக்கவில்லை என்று அண்ணனே கேட்டு வாங்கினார். வேன் தெரியாதபடி ஓரங்களை வெட்டிவிட்டு மாட்டியிருக்கிறார்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காணொளியில் புல் மீது உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததிலிருந்து எதுவுமே சரியாக இல்லை. கெட்டுப்போன வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே போதுமான வேதனை இருக்கிறது. அவர்கள் எத்தனை வருடம் சேர்த்து அதை வாங்கினார்கள், யாரை ஏற்றிக்கொண்டு போவதற்காக வாங்கினார்கள் என்று சிரித்தவர்களில் ஒருவராவது யோசித்தீர்களா?

அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து என்னைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். கிளட்ச் மாற்ற நியாயமாகப் பணம் வாங்குகிற ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். டயரின் அந்த நான்கு எண்களையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். அந்த மஞ்சள் ஆப்புகள் இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, அவர்களுக்குத் தருகிறேன்.