கண்ணில் வைத்த ஃபோகஸ் ஜிமிக்கிக்குப் போன கதை

ஒன்பது வருடத்துக்கு முன் எடுத்த ஒரு படம் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பு, மணப்பெண் அறையில் எடுத்தது. பெண் ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பி நிற்கிறாள். அப்படி ஒரு வெளிச்சம் தேடினாலும் கிடைக்காது. கண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன், வ்யூஃபைண்டரில் சிவப்புப் புள்ளி கண்மேல் மின்னியதையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் இமை முடிகள் ஒன்றோடொன்று குழைந்து கிடக்கின்றன. காதோர முடியும் அதற்குக் கீழே ஜிமிக்கியில் தொங்கும் முத்தும் அத்தனை துல்லியம். அந்த முத்துக்குள் ஜன்னல் கம்பிகளை எண்ணிவிடலாம்.

ஒரு படம் என்றால் விட்டுவிடலாம். அந்த அறையில் எடுத்த நாற்பதில் முப்பதுக்கு மேல் இதே கதை.

அந்த லென்ஸ் ஒரு 50 எம்எம், எஃப்/1.4. இந்த எஃப் எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் துளை, அதாவது அப்பர்ச்சர், பெரிதாகும். கம்பெனி பெயர் இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது. "1.4 வந்துட்டா மண்டப இருட்டெல்லாம் ஒரு விஷயமே இல்ல"ன்னு சொல்லித்தான் எல்லோரும் வாங்க வைத்தார்கள். ஓப்பனில் கொஞ்சம் சாஃப்ட்டாக இருக்கும், 2க்கோ 2.8க்கோ மூடினால் கத்தி மாதிரி வெட்டும் என்றார்கள். மூடினேன். மூடிய பிறகுதான் கண் போச்சு.

நான் உதவிக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணனிடம் படங்களைக் காட்டினேன். "தம்பி, கை ஆடுது உனக்கு. மூச்சைப் பிடிச்சு அமுக்கு" என்றார். சர்வீஸுக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து "லென்ஸ் சரியாத்தான் சார் இருக்கு" என்று திரும்பி வந்தது. ஆறு மாதம், என் கைதான் சரியில்லை என்று நானே நம்பினேன். ஆறு மாதம் என்பது சும்மா இல்லை. அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் வீட்டுக் கல்யாணம்!

உண்மையைக் கண்டுபிடித்தது ஒரு ஸ்கூல் ஸ்கேலை வைத்து. மொட்டைமாடி சுவரில் 30 செ.மீ. ஸ்கேலைச் சாய்த்து வைத்தேன். கேமராவை ட்ரைபாடில் பூட்டி, எஃப்/1.4ல் திரையைப் பார்த்தே 15ஆம் கோட்டில் கையால் ஃபோகஸ் செய்தேன். அதற்கப்புறம் லென்ஸைத் தொடவே இல்லை. அப்பர்ச்சரை மட்டும் மாற்றி மாற்றி எடுத்தேன். 1.4ல் 15ஆம் கோடு நடுவில் நிற்கிறது. 2ல் துல்லியம் பின்பக்கம் நகர்ந்துவிட்டது. 2.8ல் 16ஆம் கோடுதான் பளிச்சென்று இருக்கிறது, 15 மங்கல். 4ல் போனால் எல்லாம் சேர்ந்து தெளிவாகிவிடுகிறது. அந்த நான்கு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சு லேசானது. என் கை ஆடவில்லை.

இதற்குப் பெயர் ஃபோகஸ் ஷிஃப்ட். விஷயம் எளிமையானதுதான். லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் வந்து குவியவேண்டும். பெரிய அப்பர்ச்சர் லென்ஸில் அதை முழுதாகச் சாதிப்பது கஷ்டம், ஓரத்து ஒளி கொஞ்சம் முன்னாடியே குவிந்துவிடும். அப்பர்ச்சரை மூடினால் ஓரத்து ஒளி வெட்டுப்படும், மிச்சம் இருப்பது நடுவில் வரும் ஒளி. அதனால் படத்தில் துல்லியமாக விழும் இடம் பின்னால் போய்விடும். டிஎஸ்எல்ஆர் கேமரா ஃபோகஸ் செய்வதோ லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கும்போது. பட்டனை அமுக்கும் அந்த நொடியில்தான் அப்பர்ச்சர் மூடுகிறது. அதனால் கேமராவுக்கும் இது தெரியாது, வ்யூஃபைண்டரில் பார்க்கிற நமக்கும் தெரியாது. கிட்டத்தில், 1.8க்கும் 4க்கும் நடுவில்தான் இந்த வேலை நடக்கும். கல்யாணத்தில் முகத்தை எடுக்கிறவன் வாழ்வதே அந்த இடத்தில்தான்.

இது என் ஒரு லென்ஸின் பிரச்சினை இல்லை என்று தெரிந்த பிறகு, பேரும் புகழும் விலையும் வைத்துக்கொண்டு ஏமாற்றம் தந்த லென்ஸ்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

கேனான் 1989ல் ஒரு 50 எம்எம் எஃப்/1.0 விட்டது. அதுவும் எஸ்எல்ஆருக்கு, அதுவும் ஆட்டோஃபோகஸோடு. ஒரு கிலோவுக்குப் பதினைந்து கிராம்தான் குறைவு. 1.4ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். ஃபிலிம் காலத்தில் இதன் மதிப்பு இன்றைக்கு விளங்காது. ஃபிலிமின் ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ 400, 800க்கு மேல் போனால் மணல் மணலாகத் தெரிந்த காலம் அது. ஆனால் முழுக்கத் திறந்தால் படம் மென்மையாகத்தான் வரும், கான்ட்ராஸ்ட் குறையும். அத்தனை கண்ணாடியை மோட்டார் நகர்த்த நேரம் எடுக்கும், கையால் சுற்றினாலும் எலக்ட்ரானிக்ஸ் வழியாகத்தான் நகரும். ஒரு மீட்டர் தூரத்தில் ஆளை நிறுத்தினால் இரண்டரை செ.மீ. அளவுக்குத்தான் ஃபோகஸ் ஆழம், மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவிலேயே அது முடிந்துவிடும். 2000 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். இதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். யாரும் போகாத இடத்துக்குப் போய்ப் பார்த்த லென்ஸ் அது. வாங்கியவர்களுக்கும் அது தெரியும்.

எனக்கு ஆதங்கம் அதற்கு அடுத்து வந்த எஃப்/1.2 மேல்தான். 2006ல் அறிவித்தார்கள். சிவப்பு வளையம், கேனானின் உயர்தர எல் வரிசை, நல்ல கட்டுமானம். அதே கம்பெனியின் 85 எம்எம் 1.2ல் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ப உள்ளே கண்ணாடிகளின் இடைவெளியை மாற்றிச் சரிக்கட்டும் அமைப்பு உண்டு. இந்த 50ல் அது இல்லை. முழுக்கத் திறந்து எடுத்தால் ஃபோகஸ் சரி, கொஞ்சம் மூடிக் கிட்டத்தில் எடுத்தால் பின்னால் போகிறது என்று உலகம் முழுக்க ஆட்கள் சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான், எனக்கு அந்த அண்ணன் சொன்னது: உனக்கு எடுக்கத் தெரியவில்லை. பாடியை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு, அதே லென்ஸில் இரண்டு மூன்று பிரதிகள் வாங்கிப் பார்த்தவர்கள் உண்டு. கம்பெனி அந்தக் காலத்தில் வெளியிட்ட, லென்ஸின் துல்லியத்தைக் காட்டும் எம்டிஎஃப் வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். முழுக்கத் திறந்து ஒன்று, எஃப்/8ல் ஒன்று. அதுவும் கணக்குப் போட்டு வரைந்தவை. 2க்கும் 4க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு அதில் இடமே இல்லை. லென்ஸின் குணம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருந்தது.

இதோடு ஒன்றை ஒப்பிட்டே ஆகவேண்டும். அதே 2006ல் ஜெர்மன் லென்ஸ் கம்பெனி சைஸும் (Zeiss) ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு, அதாவது லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமராக்களுக்கு, ஒரு 50 எம்எம் எஃப்/1.5 சோனார் கொண்டுவந்தது. லென்ஸ் வடிவமைப்பாளர் லுட்விக் பெர்டெலே 1930களில் வகுத்த வடிவத்தின் வாரிசு. அதிலும் ஃபோகஸ் ஷிஃப்ட் உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் சைஸ் அதை எழுதியே கொடுத்தது: இந்த வடிவத்தில் இது இருக்கும், 2.8ல் ஃபோகஸ் சரியாக விழும்படி அமைத்திருக்கிறோம், 1.5ல் திறந்தால் கொஞ்சம் முன்னால் விழும், பழகிக்கொள்ளுங்கள். வாங்கியவர்கள் பழகிக்கொண்டார்கள். கிட்டத்தில் எடுக்கும்போது உடம்பை ஒரு விரல்கடை முன்னே சாய்ப்பது அவர்களுக்குக் கைவந்துவிட்டது. அந்த லென்ஸைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் பாசம் தெரியும். குறை இரண்டிலும் ஒரே குறைதான். ஒன்று சொல்லிவிட்டு விற்றது. அந்த ஒரு வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன், கண்ணாடியின் தரத்தைவிடப் பெரிதாக.

நிக்கானின் 58 எம்எம் எஃப்/1.4ஜி கதை வேறு மாதிரி. அதைப் பற்றி எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். 1977ல் நிக்கானிடம் நாக்ட் என்று ஒரு 58 எம்எம் 1.2 இருந்தது. முன் கண்ணாடியைக் கோளவடிவிலிருந்து விலக்கிக் கையால் தேய்த்துச் செய்தார்கள். இரவில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் தெருவிளக்குகூட இறக்கை விரிக்காமல் புள்ளியாகவே நிற்கும், அதற்காகப் பிறந்த லென்ஸ். 2013 அக்டோபரில் புது 58ஐ அறிவித்தபோது அந்த நாக்டின் பெயரைச் சொல்லித்தான் அறிவித்தார்கள். விலை 1,700 டாலர். எல்லோர் மனதிலும் என்ன ஓடியிருக்கும்? 1.4லேயே ஓரம்வரை கத்திபோல வெட்டும் லென்ஸ் வருகிறது என்றுதான்.

நேரமும் சரியில்லை. அதே மாதத்தில் சைஸின் ஓட்டஸ் 55 எம்எம் 1.4 வந்தது, 4,000 டாலர் பக்கம் விலை. அடுத்த ஜனவரியில் சிக்மாவின் 50 எம்எம் 1.4 ஆர்ட் அறிவிப்பு வந்தது, விலை 950 டாலர். மூன்றையும் ஒரே சுவரில் ஒட்டிய, துல்லியத்தைச் சோதிக்கும் ஒரே சார்ட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நிக்கான் அடி வாங்கியது. நடுவைத் தாண்டினால் மென்மை, கிட்டத்தில் இன்னும் மென்மை. பாதி விலைக்குச் சற்றே கூடுதலான சிக்மா அதைத் தூக்கிச் சாப்பிட்டது என்று எழுதினார்கள். எழுதியது பொய்யில்லை. சார்ட்டில் அப்படித்தான் வரும்.

ஆனால் 58ஐ வடிவமைத்தவர்கள் சார்ட்டுக்காக வடிவமைக்கவில்லை. ஃபோகஸில் இருக்கும் முகத்திலிருந்து பின்னணிவரை மங்கல் எப்படி இறங்கவேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாத அந்தப் பிழையை முழுக்கத் துடைத்தால் பின்னணி விளக்குகளின் விளிம்பு கோடு போட்ட மாதிரிக் கறாராக நிற்கும், கொஞ்சம் விட்டுவைத்தால் கரைந்து போகும். அவர்கள் தெரிந்தேதான் விட்டுவைத்தார்கள். நண்பர் ஒருவர் இரண்டு நாள் இரவல் கொடுத்தார். கோயில் பிரகாரத்தில் விளக்கேற்றும் ஒரு அம்மாவை ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்தேன். கன்னத்துக்குப் பின்னால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் இறங்குகின்றன, எந்த இடத்தில் மங்கல் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. என்னிடம் இருக்கும் அதிதுல்லிய லென்ஸ் எதிலும் அந்தப் படம் வராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் எடை 385 கிராம்தான், சிக்மா 815, ஓட்டஸ் ஒரு கிலோவைத் தொடும். காலை நான்கு மணிக்குக் கழுத்தில் மாட்டி மதியம் பந்திவரை நிற்பவனைக் கேளுங்கள், அந்த வித்தியாசம் என்னவென்று சொல்வான்.

அப்படியானால் 58 தோற்றதா? என்னைக் கேட்டால் லென்ஸ் தோற்கவில்லை, அதை விற்ற விதம் தோற்றது. நாக்ட் பெயரையும் அந்த விலையையும் முன்னால் வைத்தால் வாங்குபவன் துல்லியத்தைத்தான் எதிர்பார்ப்பான். "இது சார்ட்டில் மார்க் வாங்கும் லென்ஸ் அல்ல, நாங்கள் தெரிந்தே மென்மை வைத்திருக்கிறோம்" என்று பெரிய எழுத்தில் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும்.

வெறுமனே அவசரத்தில் வந்த லென்ஸ்களும் உண்டு. சோனி 2010ல் தன் முதல் நெக்ஸ் கேமராக்களோடு கொடுத்த 16 எம்எம் 2.8 அப்படிப்பட்டது. 67 கிராம், சட்டைப்பையில் போகும். ஓரங்கள் குழைந்த சோறு. கேமரா சிறியது என்று காட்டவேண்டிய கட்டாயத்தில் பிறந்தது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நிக்கான் 1963ல் கொண்டுவந்த 43-86 ஜூமையும் பலர் இதோடு சேர்ப்பார்கள். நேரான கதவைப் படம் பிடித்தால் சட்டம் வளைந்து தெரியும், உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் கையடக்கமாக ஒரு ஜூம் கிடைப்பதே ஆச்சரியம். மக்கள் தெரிந்தே வாங்கினார்கள், கம்பெனியும் எழுபதுகளில் உள்ளிருக்கும் கண்ணாடி அமைப்பையே மாற்றிச் சரிசெய்தது. அதை ஏமாற்றப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்துவிட்டது, சென்சாரிலேயே ஃபோகஸ் நடக்கிறது, பழைய தொல்லைகள் பாதி போய்விட்டன. கேனானின் 2018 ஆர்எஃப் 50 எம்எம் 1.2ல் பதினைந்து கண்ணாடிகள், 2006ன் பழைய 1.2ல் எட்டுதான். துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை, எடை 950 கிராம். ஆனால் ஊர்களில் தொழிலுக்கு வருகிற பையன்கள் முதலில் வாங்குவது புது ஆர்எஃப் இல்லை. பழைய டிஎஸ்எல்ஆர் பாடி, செகண்ட்ஸில் ஒரு 1.4 அல்லது 1.2. இஎம்ஐயிலும் நகை அடகிலும் வாங்குகிறார்கள். அவர்களிடம் யாரும் இந்த விஷயத்தைச் சொல்வதில்லை. விற்பவர் "சூப்பர் ஷார்ப் ப்ரோ" என்கிறார். படம் மங்கலாக வந்தால் சீனியர்கள் கை ஆடுது என்கிறார்கள். நம்மில் மூத்தவர்களிடம் எனக்கு இதுதான் கோரிக்கை: ஒரு பையன் படத்தைக் கொண்டுவந்து காட்டினால், அவன் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்து வையுங்கள். கால் மணி நேர வேலை.

என் 50ஐ மூன்று வருடம் முன்பு விற்றேன். வாங்க வந்தவன் கல்லூரி முடித்த பையன், அக்காவோடு வந்திருந்தான். வாசல் திண்ணையில் ஸ்கேலைச் சாய்த்து வைத்து நான்கு படமும் எடுத்துக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தான், 15, 16 என்று கோட்டை எண்ணினான். "அப்ப 1.4லயே எடுத்தா கண்ணு வரும்ல அண்ணா?" என்றான். வரும் என்றேன். 2க்கு மூடினால், அப்பர்ச்சர் நிஜமாக மூடியிருக்கும்போதே திரையைப் பார்த்து ஃபோகஸ் செய், வ்யூஃபைண்டரை நம்பாதே என்றேன். அக்கா இரண்டாயிரம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். அந்த நான்கு படங்களையும் ஒரே தாளில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அப்பர்ச்சர் எண்ணை எழுதி, லென்ஸ் டப்பாவுக்குள் மடித்து வைத்துக் கொடுத்தேன்.