பந்து யார் கையில்?

எங்கள் ஆசிரியர் கூட்டம் நாற்பது நிமிடம். அதில் முப்பத்தெட்டு நிமிடம் தலைமை ஆசிரியர் பேசுவார். அப்புறம் "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டபடியே ஃபைலை மூடிவிடுவார். அந்த எரிச்சலில்தான் கையில் வைத்திருப்பவர்தான் பேசலாம் என்ற ஹவாய்ப் பள்ளிகளின் கம்பளி நூல் பந்தை என் ஒன்பதாம் வகுப்பில் முயன்று பார்த்தேன்.

பிள்ளைகளோடு தத்துவம் பேசலாம் என்று 1970களில் நியூ ஜெர்சியில் ஆரம்பித்தவர் மேத்யூ லிப்மன். 1984-ல் அதை ஹவாய்க்குக் கொண்டுபோனவர் தாமஸ் ஜாக்சன். அங்கே பூர்வகுடி, ஜப்பானிய, பிலிப்பினோ வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். முந்திக்கொண்டு பேசுவதும் வாயைத் திறக்காமல் இருப்பதும் வீட்டு வளர்ப்பைப் பொறுத்தது. கை தூக்கியவருக்குத்தான் பேச்சு என்றால், பேசியவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து பந்து செய்கிறார்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அட்டைக் குழாயில் கம்பளி நூலைச் சுற்ற, பக்கத்தில் இருப்பவர் நூலை விட்டுக்கொடுப்பார். கடைசியில் இறுக்கிக் கட்டி வெட்டினால் புசுபுசுவென்று ஒரு பந்து. அது கையில் இருப்பவர்தான் பேசலாம், அடுத்து யார் என்பதையும் அவரே முடிவு செய்யலாம். பேச விருப்பமில்லையா, சும்மா கைமாற்றிவிடலாம். ஆசிரியரும் பந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான்.

"எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் நியாயமா?" என்பது அன்று என் வகுப்பில் பேச எடுத்த கேள்வி. பந்து ஒரு பையனிடம் போனது. பேச்சு திக்கும், எழுதவும் சிரமம், தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. நூலை நீவிக்கொண்டே இருந்தான். வழக்கமாக அவன் வாக்கியத்தை நானே முடித்துவைத்திருப்பேன். பந்து என்னிடம் இல்லை.

"அந்த நேரம் எனக்கு வேணும் சார். ஆனா அப்ப ஹால்ல நான் மட்டும்தான் இருப்பேன்."

பந்து வாங்கிய பெண் கேட்டாள்: "அப்ப நியாயம் கிடைச்சவன் தனியா உட்காரணுமா?" பதினைந்து வருடமாகப் பாடம் எடுக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

இதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்பார்கள். பிள்ளைகளோடு தத்துவம் பேசுவது பற்றி இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-ல் வந்தபோது கொஞ்சம் கூடுவதாகத் தெரிந்தது. 2021-ல் வந்த பெரிய ஆய்வில் வாசிப்பில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. சரி, இருக்கட்டும். மதிப்பெண்ணுக்காக நான் இதைச் செய்யவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பந்தை எடுத்துப்போனேன். தலைமை ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். "நல்லாருக்கே, பிள்ளைங்க செஞ்சதா?" என்று கேட்டு, பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.