அந்தமான் ஆளில்லாக் காடாக இருந்ததில்லை

“வெள்ளையர் சிறை கட்டும்வரை அந்தமான் நிக்கோபார் தீவுகள் மனித நடமாட்டமே இல்லாத காடாகக் கிடந்தன” என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது தவறு. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அங்கே சென்று வரும் நம்மவர் பலரும் இதையே நம்புவதால் சற்று விளக்குகிறேன்.

அவர் சொல்லும் சிறையான செல்லுலர் சிறையின் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது என்றாலும், கைதிகளின் குடியிருப்பு 1858லேயே அமைந்துவிட்டது. அதை எதிர்த்து மறு ஆண்டே ‘பெரிய அந்தமானியர்’ என்ற பழங்குடியினர் வில்லும் அம்பும் ஏந்தி அங்குள்ள அபர்தீன் என்ற இடத்தில் போரிட்டனர். அப்போது ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள், வெளியாருடன் வந்த தட்டம்மை முதலிய நோய்களால் மடிந்து மடிந்து, இன்று ஏறத்தாழ 50 பேராகக் குறுகிவிட்டார்கள். இந்தப் பேரிழப்பையே இல்லாததாக்கிவிடுவதால்தான் ‘ஆளில்லாக் காடு’ என்ற சொல் என்னை மிகவும் வருத்துகிறது. ஓங்கே, ஜாரவா, சென்டினல் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

நிக்கோபாரைப் பொறுத்தவரை, நிக்கோபாரியரும் ஷோம்பென்களும் வாழும் அத்தீவுகளை ‘மாநக்கவாரம்’ என்ற பெயரில் 11ஆம் நூற்றாண்டிலேயே முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைக் கூறும் பகுதி) குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அதை இன்றும் காணலாம்.