நெசவுக்காரிக்கு அங்கே என்ன வேலையா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த நாவல் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "நெஸ்டரின் அரண்மனை எரிகிற கதையில் நெசவுக்காரிக்கு என்ன வேலை? இன்றைய அரசியலைக் கிரேக்கப் புராணத்தின் தலையில் கட்டுகிறார்கள்" என்று அந்த நாவலைப் பற்றி மேடையில் பேசிய பெரியவர் சொன்னார். அரங்கமே சிரித்தது.

ஐயா, அவளை அங்கே உட்கார வைத்தது நாவலாசிரியர் இல்லை. கிரேக்கத்தின் பைலோஸில் இருந்த அரண்மனையின் கணக்குப்பிள்ளை. (ஹோமரின் காவியங்களில் பைலோஸின் அரசன்தான் நெஸ்டர்.) கி.மு. 1180 வாக்கில் அரண்மனை எரிந்தபோது, சுடாத களிமண் பலகைகள் அந்தத் தீயிலேயே வெந்து கெட்டியாகிவிட்டன. 1939-இல் தோண்டி எடுத்தார்கள். 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர், அதுவரை யாருக்கும் புரியாத அந்த எழுத்தைப் படித்தார். உள்ளே வீரகாவியமா இருந்தது? நூற்கிற பெண்கள், நெய்கிற பெண்கள், கூட எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கோதுமை, எவ்வளவு அத்திப்பழம். மிலேட்டஸ்காரிகள், லெம்னோஸ்காரிகள் என்று ஊர்ப்பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஹெக்டர் என்ற பெயர்கூட உண்டு. ட்ராய்ப் போர்க் கதையின் வீரன் இல்லை, "தெய்வத்தின் அடிமை". கடல் தெய்வம் பொசைடனுக்கே கணக்குத்தான்: கோதுமை, ஒயின், ஒரு காளை, பாலாடைக்கட்டி, தேன். இதில் எது இன்றைய அரசியல்?

"ஹோமரைத் திருத்த நீங்கள் யார்?" என்று இன்பாக்ஸில் வருகிறார்கள். கி.மு. 412-இல் நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் ஏதென்ஸ் மேடையிலேயே, ட்ராய்ப் போருக்குக் காரணம் என்று சொல்லப்படும் ஹெலன் ட்ராய்க்குப் போகவே இல்லை, போனது ஒரு மாய உருவம், அவள் எகிப்தில் இருந்தாள் என்று நாடகம் போட்டார். அவரிடம் போய்க் கேளுங்கள். மாற்றிச் சொல்லிச் சொல்லித்தான் அது புராணமாகவே ஆனது.

அரசன் பெயர் நெஸ்டர் என்று எந்தப் பலகையிலும் இல்லையே என்று ஒரு தம்பி கேட்டார். உண்மை, இல்லை. அதனால் என்ன? நாவல்தானே. நெஸ்டரைக் கற்பனை செய்தால் இலக்கியம், பெயர்கூட எழுதப்படாத அந்தப் பெண்ணைக் கற்பனை செய்தால் அரசியல். நல்ல நியாயம்!

என் அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர். போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் கடிதம் இல்லை, போட்டோ இல்லை. ஒரு நீள நோட்டு. கைக்காசு போட்டு யார் யாருக்கு அரிசி கொடுத்தார் என்ற கணக்கு. "மேலத்தெரு ஆயா, 2 கிலோ, அடுத்த மாசம்." கடைசிப் பக்கத்திலும் அதே "அடுத்த மாசம்"தான். அம்மாவுக்குப் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

பைலோஸ் பலகைகளும் அப்படித்தான். கடற்கரையைப் பத்துப் பிரிவாகப் பிரித்து 800 பேரைக் காவலுக்கு நிறுத்திய பட்டியல் இருக்கிறது. எதற்குப் பயந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பக்கம் அத்திப்பழத்தை அளந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கிரேக்கத்தில் சுமார் நானூறு வருடம் எழுத்தே கிடையாது. ஒரு யுகம் முடிவதை இந்த நாவல் அந்த அளவுபடிப் பக்கத்திலிருந்து பார்க்கிறது. அதைப் படிக்காமலே, பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு மைக் பிடிக்கிறார்கள்.

முன்வரிசையில் சிரித்தவர்களில் மூன்று பேர் என் நண்பர்கள். அப்பாவின் நோட்டை அவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். இந்தப் பதிவுக்கு நீங்கள் லைக் போட வேண்டாம்.