வேகமான காலத்துக்குத்தான் நிதானமான அமைப்புகள் வேண்டும்

செயற்கை நுண்ணறிவு மாதிரியானவற்றால் உலகம் இவ்வளவு வேகமாக மாறும்போது பழைய அரசு, ஆய்வு அமைப்புகளைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும், திறமைசாலிகள் கையில் விட்டால் போதாதா என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

சூரியனின் கெடுதலான கதிர்களைத் தடுக்கும் ஓசோன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகாவில் ஹாலி என்று ஓர் ஆய்வு நிலையம். 1950-களின் பிற்பகுதியிலிருந்தே அங்கே தங்கியவர்கள், தலைக்கு மேலே ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதி வந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், அளப்பது நிற்கவில்லை. ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி வாயு ஓசோனை அழிக்கக்கூடும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னதே 1974-இல்தான். அதற்கு முன்னால் 'இது என்ன தண்டச் செலவு?' என்று யாராவது கேட்டிருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று விஞ்ஞானிகளும் அந்தப் பதிவுகளை வைத்துத்தான், அங்கே ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஓசோன் மளமளவென்று சரிவதைக் காட்டினார்கள். பழைய கணக்கு கையில் இல்லையென்றால், குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். இரண்டே வருடத்தில், 1987-இல், ஓசோனைக் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. முதலில் சிஎஃப்சியைப் பாதியாகக் குறைப்பது என்றுதான் பேச்சு. அது போதாது என்று தெரிந்ததும் 1990-இல் லண்டனில் கூடி, அடியோடு நிறுத்துவது என்று மாற்றினார்கள். மாற்றாக வந்த எச்எஃப்சி வாயுக்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்பதால் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மறுபடியும் திருத்தினார்கள். தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியை உள்ளேயே வைத்துக் கட்டிய அமைப்பு அது.

அமைப்புகள் தேங்கிப் போவதும் உண்மைதான். கோப்பு நகராது, பொறுப்பை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. சரி, திருத்துங்கள். கலைக்க ஒரு கையெழுத்து போதும். விட்டுப்போன முப்பது வருடப் பதிவை எந்தக் கையெழுத்தும் மீட்டுத் தராது.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் என் கவலை இதுதான். எந்த வேலைகள் மறைகின்றன, எங்கே தவறான முடிவுகள் வருகின்றன, பிள்ளைகளின் படிப்பு எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் அதைத் தயாரிப்பவர்களைச் சாராதவர்கள் வருடக்கணக்கில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்பவர்களுக்குக் கேள்வி கேட்கும் அதிகாரமும் வேண்டும். அந்த வேலைக்கு இப்போதே ஆளும் பணமும் ஒதுக்குங்கள். உடனே பலன் தெரியவில்லை என்று அடுத்த பட்ஜெட்டில் அதில் கை வைக்காதீர்கள்.